தோட்டத்து மழைக்கணக்கும் தென்துருவத்துப் பனிக்கணக்கும்

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு, ஆபீசுக்கு முன்னால் புல்தரையில் நட்டு வைத்திருந்த அந்தச் செம்புக் குழாய் நினைவிருக்கும். மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில், சுற்றிலும் சின்னதாக ஒரு கம்பி வேலி. மாடு உரசக்கூடாது, பிள்ளைகள் கல் போடக்கூடாது என்று காவல்காரருக்குத் தனி உத்தரவே இருக்கும். மழை அளக்கிற குழாய் அது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கைப் பொருள். எனக்கு அது 22 ஆண்டு உத்தியோகம். 1976-இல் ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணியாகச் சேர்ந்த நாளிலிருந்து, காலையில் எனக்கு முதல் வேலை அந்தப் பாட்டிலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளப்பதுதான். அளவைத் தடித்த அட்டை போட்ட புத்தகத்தில் தேதி வாரியாக எழுத வேண்டும். தொடக்கத்தில் அங்குலக் கணக்கு, பிறகு மில்லிமீட்டர் கணக்கு. மழை இல்லாத நாளில் ஒரு சிறு கோடு. ஞாயிறு, தீபாவளி, பெருநாள் என்று விடுமுறை கிடையாது. மழைக்கு ஏது விடுமுறை?

அந்தப் புத்தகத்துக்கும் உலகத்தின் தென்கோடியில் பனிக்குள் உட்கார்ந்திருக்கும் அறிவியலாளர்களுக்கும் உறவு உண்டு என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், பெரட்டுக் களமே சிரித்திருக்கும். ஆனால் அந்த உறவு உண்மையானது.

மழையும் சம்பளமும்

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். விடியலின் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் மரம் முழுக்கப் பரவி வீணாகும். வெட்டிய பிறகு மழை கொட்டினால் மங்கில் இருக்கும் பாலோடு தண்ணீர் கலந்துவிடும். ஈரப் பட்டையில் கத்தி வைத்தால் வெட்டுக்காயத்தில் பூசண நோயும் பிடிக்கும்.

ஆகவே மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. புல்லு வேலை, உர வேலை கிடைத்தால் உண்டு. இருட்டோடு பெரட்டுக்கு வந்து நிற்கும் பெண்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். "கிராணி ஐயா, இன்னிக்கு வெட்டு உண்டா?" என்று கேட்பதில் அந்த மாதத்து மளிகைக்கடைக் கடனும் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் அடங்கியிருக்கும். நாள் கூலி போதாது, மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சங்கம் பல்லாண்டுக் காலம் கேட்டு வந்ததற்கு மழையும் ஒரு காரணம்.

எனவே அந்தப் புத்தகம் வெறும் தண்ணீர்க் கணக்கு அல்ல. எந்த மாதம் எத்தனை குடும்பத்தில் அடுப்பு மந்தமாக எரிந்தது என்பதும் அதில் மறைவாக எழுதப்பட்டிருந்தது.

பனியும் ஒரு கணக்குப் புத்தகம்

தமிழ்ப்பள்ளியில் படிக்கும் என் பேத்தி அறிவியல் பாடத்துக்காக ஒரு படம் வரைந்துகொண்டிருந்தாள். வெள்ளைத்தாளில் வெள்ளை நிலம். அதில் ஒரு பென்குவின். "தாத்தா, அண்டார்டிகாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வேர்த்து வழிந்துகொண்டிருக்கும் நமக்குப் பனியோடு என்ன பேச்சு என்பது நியாயமான கேள்விதான். அதன் பிறகு நான் தேடித் தேடிப் படித்ததில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

அண்டார்டிகா ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கண்டம். நம் மலேசியாவைப் போல் 42 மடங்கு. அதில் 98 விழுக்காடு பனிக்கு அடியில் கிடக்கிறது. பனியின் சராசரி கனமே சுமார் 2 கிலோமீட்டர். ஆனால் அது உண்மையில் ஒரு பாலைவனம். அதன் உள்பகுதியில் ஆண்டு முழுவதும் விழும் பனியை உருக்கினால் 5 சென்டிமீட்டர் தண்ணீர்கூடத் தேறாத இடங்கள் உண்டு. நம் ஊரில் ஒரே மாலையில் இடிமழை கொட்டிவிட்டுப் போகும் அளவு அது.

வித்தியாசம் என்னவென்றால், நம் மழை ஆற்றோடு போய்விடுகிறது. அங்கே விழுந்தது விழுந்த இடத்திலேயே தங்குகிறது. ஒரு வருடப் பனியின்மேல் அடுத்த வருடப் பனி. அதன்மேல் அடுத்தது. சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள். அங்கே அது பெருமலை ஆகிவிடுகிறது. மேலிருந்து கீழே துளை போட்டு நீளத் தண்டு தண்டாக எடுத்தால், பழைய காலத்தை ஏடு ஏடாகப் புரட்டலாம்.

ரஷ்யர்களின் வோஸ்தோக் நிலையத்தில் அப்படி 3,600 மீட்டருக்கு மேல் துளைத்து எடுத்தார்கள். அதில் 4 லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கு இருந்தது. இதே வோஸ்தோக்கில்தான் 1983 ஜூலை 21-ஆம் தேதி பூச்சியத்துக்குக் கீழே 89.2 டிகிரி செல்சியஸ் குளிர் பதிவானது. பிறகு ஐரோப்பியர்கள் வேறோர் இடத்தில் எடுத்த பனித்தண்டு 8 லட்சம் ஆண்டுக் கணக்கைத் தந்தது. பனிக்குள் சிறைப்பட்ட பழங்காலக் காற்றுக் குமிழிகளை உடைத்து அளந்தபோது, அந்த 8 லட்சம் ஆண்டுகளில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்குக்குமேல் போனதே இல்லை என்று தெரிந்தது. இன்று அது 420-ஐத் தாண்டி நிற்கிறது. பூமி சூடாகிறது என்று சொல்பவர்களின் கையில் இருக்கும் மிகப் பெரிய சாட்சிகளில் ஒன்று இந்தப் பனிப் புத்தகம்.

நம் பக்கத்து வீட்டுக் கணக்கும் அதில் இருக்கிறது. 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தபோது வானத்துக்கு ஏறிய கந்தகம், காற்றோடு சுற்றித் தென்துருவத்தில் பனியோடு இறங்கியது. அந்த அடையாளம் இன்றும் அங்கே படிந்திருக்கிறது. 1257-இல் லொம்போக் தீவில் வெடித்த சமலாஸ் எரிமலையின் தடயமும் அப்படியே. இந்தோனேசியத் தீவுகளின் நெருப்பின் கணக்கை எங்கோ உள்ள பனி பத்திரமாக எழுதி வைத்திருக்கிறது.

ரப்பர் விலை ஏறிய காலத்துப் பயணம்

1910-ஆம் ஆண்டை நம் சரித்திரத்தில் மறக்க முடியாது. லண்டன் சந்தையில் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறிய ஆண்டு அது. ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்து, கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்த காலம். நாகப்பட்டினத்திலும் மதராஸிலும் கப்பலேறிய நம் முன்னோர்கள் சிரம்பான், ரந்தாவ், லிங்கி, லாபு என்று காடு வெட்டி மரம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே 1910 ஜூன் மாதம் பிரிட்டனிலிருந்து 'டெரா நோவா' என்ற கப்பல் புறப்பட்டது. அதன் தலைவர் ராபர்ட் ஸ்காட். தென்துருவத்தை முதலில் தொட வேண்டும் என்பது அவருடைய கனவு. நார்வேக்காரர் அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14-இல் முந்திக்கொண்டார். ஸ்காட் போய்ச் சேர்ந்தது 1912 ஜனவரி 17. திரும்பும் வழியில் அவரும் அவருடைய நான்கு தோழர்களும் மாண்டார்கள்.

அந்த அணியின் வானிலை அறிஞர் ஜார்ஜ் சிம்சன். அவர் வந்தது இந்திய வானிலைத் துறையிலிருந்து. சிம்லாவில் பருவமழைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், விடுப்பில் துருவத்துக்குப் போய்க் காற்றையும் குளிரையும் அளந்தார். பிறகு சிம்லாவுக்கே திரும்பினார். அவருடைய மேலதிகாரி கில்பர்ட் வாக்கர், பசிபிக் பக்கத்துக் காற்றழுத்தமும் இந்தியப் பெருங்கடல் பக்கத்துக் காற்றழுத்தமும் ஊஞ்சல் போல ஏறி இறங்குவதைக் கண்டு சொன்னவர். இன்று நாம் எல் நினோ என்று பேசுவது அந்த ஊஞ்சலோடு சேர்ந்த விஷயம். 1997-இல் வறட்சியும் புகைமூட்டமுமாக நாம் மூச்சுத் திணறியதும் எல் நினோவால்தான். அந்த வருடம் என் மழைப் புத்தகத்தில் எண்களைவிடக் கோடுகள் வரிசையாக நின்ற மாதங்கள் இருந்தன.

சிம்சன் எழுதி வைத்த குளிர்க் கணக்கு வீணாகவில்லை. ஏறத்தாழ 90 ஆண்டு கழித்து, அமெரிக்க அறிவியலாளர் சூசன் சாலமன் அதையும் பிற்காலத் தானியங்கி நிலையங்களின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1912 மார்ச்சில் ஸ்காட் அணி நடந்த பாதையில் வழக்கத்தைவிட மிகக் கடுமையான குளிர் இருந்ததை 2001-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். செத்தவர்களைப் பற்றிய ஒரு நூற்றாண்டுப் பழிப்பேச்சுக்குப் பழைய நோட்டுப் புத்தகம் பதில் சொன்னது.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. அமுண்ட்சனும் ஸ்காட்டும் துருவத்தில் நடந்துகொண்டிருந்த அதே 1911-12 மாதங்களில், பிரிட்டிஷ் கடற்படையின் 'வாட்டர்விட்ச்' கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், கடல்மட்டத்தை அளந்துகொண்டிருந்தது. தீபகற்ப மலேசியாவில் எந்த மலை எத்தனை அடி, எந்த நிலம் எத்தனை உயரம் என்பதற்கு நெடுங்காலம் அந்த அளவுதான் அடிப்படை. பிற்பாடு 1984 முதல் 1993 வரை 10 ஆண்டு கிள்ளானில் அளந்து புதிய அடிப்படை போட்டார்கள்.

ஓட்டை கண்ட நோட்டுப் புத்தகம்

மலாயா சுதந்திரம் பெற்ற 1957-இல் உலகம் இன்னொன்றையும் கொண்டாடியது. அனைத்துலகப் புவி இயற்பியல் ஆண்டு என்று பெயர். 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை 60-க்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்து பூமியை அளந்தன. காற்று, கடல், காந்தம், நிலநடுக்கம், பனி என்று எதையும் விடவில்லை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் அண்டார்டிகாவில் சண்டையில்லாமல் வேலை செய்தன. அந்த நல்லுறவிலிருந்து பிறந்ததுதான் 1959 டிசம்பர் 1-இல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தம். அங்கே ராணுவம் கூடாது, அணுகுண்டுச் சோதனை கூடாது, அறிவியல் எல்லோருக்கும் பொது என்றது அது.

அந்தச் சமயத்தில் பிரிட்டிஷார் அண்டார்டிகாவில் ஹேலி என்ற நிலையத்தில் ஓசோன் அளவை எழுத ஆரம்பித்தார்கள். வருடா வருடம் அதே கருவி, அதே வேலை. ஜோ ஃபார்மன் என்பவரும் அவருடைய இரு சகாக்களும் 1980-களில் அந்தக் கணக்கைப் பார்த்தபோது, ஒவ்வோர் அக்டோபரிலும் ஓசோன் சரிந்துகொண்டே வருவது தெரிந்தது. வானத்தில் சுற்றிய செயற்கைக்கோளின் கணக்கிலும் குறைந்த எண்கள் வரத்தான் செய்தன. ஆனால் இவ்வளவு குறைவாக இருக்க முடியாது என்று அவை சந்தேகப் பட்டியலில் ஒதுக்கப்பட்டிருந்தன. தரையில் உட்கார்ந்து எழுதியவர்களின் புத்தகம்தான் துணிவு தந்தது. 1985 மே மாதம் உலகத்துக்கு அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில், 1987-இல், குளிர்பெட்டியிலும் தெளிப்பான்களிலும் இருந்த கெட்ட வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மொண்ட்ரியல் உடன்பாடு வந்தது. ஓசோன் ஏன் அங்கே மட்டும் இப்படிச் சரிகிறது என்று 1986-இல் நேரில் போய் ஆராய்ந்த குழுவின் தலைவர், மேலே சொன்ன அதே சூசன் சாலமன்.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒருநாள் அளவு ஒன்றுக்கும் உதவாது. ஒரு வருட அளவு கொஞ்சம் உதவும். 30 வருடம், 60 வருடம் விடாமல் ஒரே இடத்தில் எழுதிய அளவுக்கு ஈடு கிடையாது. பணம் கொடுத்தாலும் கடந்துபோன மழையைத் திரும்ப அளக்க முடியாது.

நம் காலடியில் பனி

மலேசியாவில் பனி இருந்ததா என்று கேட்டால் லங்காவித் தீவு 'இருந்தது' என்கிறது. அங்குள்ள சிங்கா பாறை அடுக்குகளில், மெல்லிய சேற்றுப் படிவத்துக்குள் சம்பந்தமே இல்லாத கற்கள் புதைந்து கிடக்கின்றன. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்து வந்த பனிக்கட்டிகள் உருகியபோது, அவை சுமந்து வந்த கற்கள் கீழே விழுந்து புதைந்தவை அவை. தீபகற்பத்தின் மேற்குப் பாதி அப்போது தெற்கே கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அண்டார்டிகா, இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா எல்லாம் அந்தக் கூட்டுக் குடும்பத்தில் ஒன்றாக இருந்தவை. பிறகு பாகப் பிரிவினை நடந்தது. மேற்குப் பாதி வடக்கே நகர்ந்து வந்து கிழக்குப் பாதியோடு மோதி ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டுத்தையல் பெந்தோங், ராவுப் வழியாக இறங்கி நம் நெகிரி செம்பிலானையும் கடந்து போகிறது.

ஸ்காட்டும் தோழர்களும் சாகும் தறுவாயிலும் 16 கிலோ கற்களைத் தூக்கி எறியாமல் சறுக்குவண்டியில் இழுத்து வந்தார்கள். அவற்றில் குளோசாப்டெரிஸ் என்ற பழங்காலச் செடியின் இலைப் படிவம் இருந்தது. அதே செடியின் படிவங்கள் இந்திய நிலக்கரிப் பாறைகளிலும் உண்டு. இந்தியாவின் கிழக்குக் கரையும் அண்டார்டிகாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தவை என்பதைப் பாறைகளும் உறுதி செய்கின்றன. நம் தாத்தா பாட்டி கப்பலேறிய கரையும் அவர்கள் வந்திறங்கிய கரையும் தென்துருவத்துக்குப் பழைய பங்காளிகள்.

மலேசியாவின் பங்கு

அண்டார்டிகா சில பணக்கார நாடுகளின் சொத்தாகிவிடக்கூடாது, மனித குலத்துக்கே பொதுவாக இருக்க வேண்டும் என்று 1982-இல் ஐ.நா. பொதுப்பேரவையில் குரல் கொடுத்தவர் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர். குறை சொன்னதோடு நிற்காமல், 1997-இல் மலேசிய அறிவியல் அகாடமியின் வழியாக அண்டார்டிகா ஆய்வுத் திட்டம் தொடங்கியது. நியூசிலாந்தின் ஸ்காட் நிலையத்தில் இடம் கிடைத்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஆய்வு மையம் உருவாயிற்று. வானிலை அறிஞர் அசிசான் அபு சாமா அதை முன்னின்று நடத்தினார். நுண்ணுயிர், பாசி, காற்றோட்டம் என்று நம்மவர்கள் ஆராய்ந்தார்கள். 2011 அக்டோபர் 31-இல் மலேசியா அண்டார்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே சுல்தான் மிசான் அண்டார்டிகா ஆய்வு அறக்கட்டளை பிறந்தது. 2016-இல் உலகத் துருவ அறிவியலாளர்கள் கோலாலம்பூரில் கூடினார்கள். நமக்கென்று அங்கே சொந்த நிலையம் இல்லை. பிறர் வீட்டில் ஒண்டிக்கொண்டுதான் இவ்வளவும்.

தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போகிறது என்பதால் இந்தியப் புவிக்காந்தக் கழகம் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. அதே கழகம் அண்டார்டிகாவின் மைத்ரி நிலையத்திலும் பூமியின் காந்தத்தை அளக்கிறது.

போர்ட்டிக்சன் கரையில்

'இதெல்லாம் அறிந்து என்ன பயன்?' என்று கேட்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிக்சன் கடற்கரையில் நின்று பாருங்கள். 1901-இலிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் கடல் 58 மீட்டர் ஏறும். அது நாளையே நடக்கப் போவதில்லை. ஆனால் மேற்கு அண்டார்டிகாவில் ஏற்கெனவே ஆட்டம் தெரிகிறது.

இதில் வியப்பான ஒன்று உண்டு. அத்தனை பெரிய பனிமலைக்கு ஈர்ப்பு விசை இருக்கிறது. சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரைந்தால் அந்தப் பிடி தளர்ந்து, நீர் தூரத்துக்குப் போய்விடும். அதனால் உருகும் இடத்தின் அருகே கடல் தாழும். தொலைவில் உள்ள வெப்பமண்டலக் கரைகளில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். அங்கே அவிழும் மூட்டையின் பாரம் இங்கே லிங்கி ஆற்று முகத்திலும் போர்ட்டிக்சன் குடியிருப்புகளிலும் இறங்கும். பேத்திக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

மிச்சமிருக்கும் புத்தகங்கள்

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீட்டு மனைகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. நான் அறிந்த தோட்டம் ஒன்று கைமாறியபோது ஆபீசைக் காலி செய்தார்கள். பெரட்டுப் புத்தகங்களோடு மழைப் புத்தகங்களும் பின்பக்கம் குவித்து எரிக்கப்பட்டன. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவற்றின் விலை தெரியவில்லை. கோவிலையும் பள்ளிக்கூடத்தையும் காப்பாற்றப் போராடிய நாம், அந்தப் புத்தகங்களுக்காக ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

வானிலை நிலையம் இல்லாத மூலை முடுக்குகளில்கூடத் தோட்டம் இருந்தது. தீபகற்பத்தில் மழை குறைந்த இடங்களில் ஒன்றான ஜெலுபு ஒரு மழை, அதே மாநிலத்தில் மலைக்கு மேற்கே சிரம்பான் வேறு மழை. இந்த வித்தியாசங்களை இடம் இடமாகத் தினம் எழுதியவர்கள் தோட்டத்துக் கிராணிகள். பழைய கப்பல் குறிப்பேடுகளையும் தோட்டக் கணக்குகளையும் தேடியெடுத்துக் கணினியில் ஏற்றுவதையே இன்று உலகமெங்கும் வானிலை அறிஞர்கள் ஒரு தனி வேலையாகச் செய்கிறார்கள். வெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும், சாக்கடையை எவ்வளவு அகலம் வெட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் நீண்ட கணக்கு தேவை.

ஆகவே என்னைப் போன்ற பழைய கிராணிமார்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் அப்படி ஒரு புத்தகம் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுங்கள். தோட்டத்தின் பெயர், குழாய் இருந்த இடம், அங்குலமா மில்லிமீட்டரா, எந்த நேரத்தில் அளந்தது என்று நினைவில் உள்ளதைத் தனித்தாளில் எழுதிச் சேருங்கள். அது இல்லாமல் எண்களுக்கு உயிர் இல்லை. பிறகு வானிலை ஆய்வுத்துறை, வடிகால் நீர்ப்பாசனத் துறை, தேசிய ஆவணக் காப்பகம் இவற்றில் ஒன்றை அணுகிக் கொடுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. மருத்துவம், சட்டம் என்று மட்டும் பிள்ளைகளை விரட்டாதீர்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் படிக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பாங்கி தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் படிக்கலாம். பள்ளிகளும் ஒரு புனலும் பாட்டிலும் வைத்துத் தினம் மழை அளக்கலாம். செலவு சில வெள்ளிதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளை எழுதிய புத்தகத்தை அடுத்த ஆண்டுப் பிள்ளை தொடர்ந்து எழுதட்டும். 30 ஆண்டு கழித்து அதைத் தேடி யாராவது நிச்சயம் வருவார்கள்.